அரவை மில் இன்ஸ்பெக்டர்

அரசங்கரைக் கடைத்தெருவில் அரவை மில் நடத்தும் பிரகதீஸ்வரிக்கு மெதுவாகப் பேச வராது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மோட்டார் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, மோட்டாரை நிறுத்தின பிறகும் குரல் இறங்க மறுத்துவிட்டது. கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் நட்சத்திரம் சொன்னால் பிராகாரத்துப் புறாக்கள் எழும்பிப் பறக்கும். ரகசியம் என்று அவள் இதுவரை யாரிடமும் எதையும் சொன்னதில்லை. சொன்னால் அது ரகசியமாக இருக்காது.

போதாததற்குக் கண்கள் வேறு. மிளகாய்த் தூள் பறக்கிற இடத்திலேயே நாளெல்லாம் நிற்பதால் இரண்டும் செக்கச்செவேல் என்றிருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள், இந்தம்மா இப்போதுதான் யாரையோ அடித்துவிட்டு வந்து நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆனால் உள்ளே இருந்த மனுஷி வேறு. மின்கட்டணம் குறிக்க வருகிறவரைக் கண்டாலே அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். காக்கிச் சட்டை என்றால் கேட்கவே வேண்டாம். அதற்குக் காரணம் இருந்தது.

அரசங்கரை ஸ்டேஷனில் எஸ்.ஐ.யாக இருந்தவர் தியாகேசன். கை நீட்டிக் காசு வாங்கமாட்டார். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. "நான் ஒரு ரூபா தொட்டதில்லை" என்று டீக்கடையில் சத்தம் போட்டுச் சொல்வார். அந்த டீக்கும் காசு கொடுக்கமாட்டார். எல்லாவற்றையும் பொருளாக வாங்குவதுதான் அவர் வழக்கம். அறுவடைக்குப் பிறகு புது அரிசி, பொங்கலுக்குக் கரும்பு, மழைக்காலத்தில் விரால் மீன், வாரத்துக்கு ஒருமுறை வாழை இலைக்கட்டு. ஊரில் எது விளைகிறதோ அது ஸ்டேஷனின் பின்பக்கக் கொட்டகையிலும் விளையும். கேட்டால், ஜனங்கள் பிரியப்பட்டுக் கொடுப்பதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பார்.

அரிசியும் மிளகாயும் வந்தால் அவற்றை அரைத்தாக வேண்டும் இல்லையா. அந்த மூட்டைகள் நேராகப் பிரகதீஸ்வரியின் மில்லுக்கு வரும். எஸ்.ஐ. வீட்டு மூட்டை, அவர் மச்சினன் வீட்டு மூட்டை, அவர் கும்பகோணத்துச் சித்தப்பா வீட்டு மூட்டை. அவளும் "சரிங்க சார்" என்று அரைத்துச் சலித்துக் கட்டி வைப்பாள்.

ஒரு தடவை மட்டும் அவள் புருஷன் பஞ்சநதம், எடுத்துப்போக வந்த போலீஸ்காரரிடம், கரண்டு பில் ஏறிவிட்டது, கூலியில் பாதியாவது கொடுத்தால் தேவலை என்று வாயைத் திறந்துவிட்டார். மறுநாள் காலையில் விசாரணை என்று ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். போனவர் பொழுது சாய்ந்துதான் திரும்பினார். சட்டை கையில் இருந்தது. என்ன நடந்தது என்று பிரகதீஸ்வரி கேட்டாள். அவள் கேட்டது தெரு முழுக்கக் கேட்டது. அவர் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டார். அதற்குப் பிறகு கூலி என்ற பேச்சே அந்த மில்லில் எழவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

டைரக்டர் ரிஃப்கா, நாகூர்ப் பக்கத்துப் பெண். அப்பா துபாயில் கடை வைத்திருந்தார். மகள் இன்ஜினீயரிங் படிக்கிறாள் என்று நினைத்து அவர் பணம் அனுப்பிய காலத்திலேயே அவள் சினிமா படித்துவிட்டாள். இது அவளுடைய முதல் படம். கதை ஒரு பெண் இன்ஸ்பெக்டரைப் பற்றியது. அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சின்ன ஊரையே ஆட்டிவைக்கிறவள். அந்த வேஷத்துக்குச் சென்னையிலிருந்து வரவேண்டிய நடிகை, அரசங்கரை வெயிலைப் போனிலேயே விசாரித்துவிட்டு வரவில்லை.

ரிஃப்கா கடைத்தெருவில் கவலையோடு எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தபோது, "யோவ், ஈரக் கோதுமையக் கொண்டாந்து கொட்டுறியே, உனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா?" என்று ஒரு குரல் வந்தது. ஜூஸ் கிளாஸ் அவள் கையில் ஆடியது. குரல் வந்த திசையில் திரும்பினாள். மாவு படிந்த முகமும், அதில் இரண்டு சிவந்த கண்களுமாகப் பிரகதீஸ்வரி நின்றாள்.

பிரகதீஸ்வரி முடியவே முடியாது என்றாள். போலீஸைப் பார்த்தாலே பயப்படுகிற தான் போலீஸ் உடுப்பைப் போட்டால் காய்ச்சல் வந்துவிடும் என்றாள். ரிஃப்கா இரண்டு நாள் அக்கா, அக்கா என்று சுற்றி வந்து, கடைசியில் விட்டுவிட்டாள்.

பிரகதீஸ்வரியை ஒப்புக்கொள்ள வைத்தது சாட்சாத் தியாகேசன்தான். படப்பிடிப்புக்கு அனுமதி கேட்டுப் போனபோது ரிஃப்கா அவரிடம் உண்மையைத்தான் சொன்னாள். ஒரு இன்ஸ்பெக்டரைப் பற்றிய கதை, ஊரில் அவருக்கு இருக்கிற செல்வாக்கைப் பற்றிய கதை என்றாள். தியாகேசன் தனக்குப் பிடித்த மாதிரி புரிந்துகொண்டார். போலீஸின் பெருமையை இந்தக் காலத்தில் யார் படமாக எடுக்கிறார்கள் என்று உருகிப்போய், புகார் சொல்ல வரும் ஜனங்கள் உட்காருகிற பெஞ்சுகளைக்கூடப் படப்பிடிப்புக்குக் கொடுத்தனுப்பினார். மில்லுக்காரம்மா நடிக்க மறுக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் ஜீப்பை மில் வாசலிலேயே நிறுத்தினார்.

"டிபார்ட்மென்டுக்கு நல்ல பேரு வர்ற விஷயம். போய் நடிம்மா" என்றார்.

"சரிங்க சார்" என்றாள் பிரகதீஸ்வரி. அவரிடம் சொல்ல அவளுக்கு வேறு வார்த்தை தெரியாது.

காக்கி உடுப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்ற அன்று, எதிரே நின்ற இன்ஸ்பெக்டரைப் பார்த்து அவளே ஒரு கணம் ஒதுங்கி நின்றாள். ஆனால் நாலைந்து நாளில் பழகிவிட்டது. சத்தம் போடுகிற காட்சிகளில் எல்லாம் பின்னி எடுத்தாள். மைக் பிடிக்கிறவர் காதைத் தேய்த்துக்கொண்டே வேலை பார்த்தார். கடையை மூடச் சொல்லி மிரட்டும் காட்சியில், படத்துக்குச் சம்பந்தமே இல்லாத பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு காட்சியில்தான் சிக்கிக்கொண்டாள். நியாயம் கேட்டு வந்த ஒரு விவசாயியின் சட்டையைக் கழற்ற வைத்து, ஸ்டேஷன் தரையில் உட்கார வைத்து அவள் திட்ட வேண்டும். மூடிக்கிடந்த பழைய கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தை ஸ்டேஷனாக மாற்றியிருந்தார்கள். விவசாயியாக நடிக்க வந்தவர் காலையில் தின்ற பரோட்டா ஒத்துக்கொள்ளாமல் படுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மனைவிக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு பஞ்சநதம் வந்து சேர்ந்தார். ஒல்லியாக, வெயிலில் காய்ந்த உடம்போடு இருந்த அவரைப் பார்த்ததும், அண்ணே கொஞ்சம் உட்காருங்க என்று ரிஃப்கா கெஞ்சினாள். சுற்றியிருந்தவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். வீட்டில் நடப்பதைத்தான் படமாக எடுக்கப் போகிறார்கள் என்று கேலி செய்தார்கள். பஞ்சநதமும் சிரித்துக்கொண்டேதான் சட்டையைக் கழற்றினார்.

தரையில் உட்கார்ந்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

பிரகதீஸ்வரி வசனத்தைக் கத்தினாள். சரியாக வரவில்லை. மறுபடியும் கத்தினாள். அதுவும் சரியில்லை என்று ரிஃப்கா தலையை ஆட்டினாள். எங்கே தப்பு என்று அவளுக்கும் தெரியவில்லை. அப்போது தரையில் இருந்தபடியே பஞ்சநதம் சொன்னார், "அவரு கத்தலைங்க."

யார் என்று ரிஃப்கா கேட்டாள்.

"அன்னைக்கு. அவரு ஒரு வார்த்தை கத்தலைங்க. டீ குடிச்சாரு. குடிச்சு முடிச்சுட்டு, கிளாஸ என்கிட்ட நீட்டி, 'இதைக் கொஞ்சம் பிடிங்க பஞ்சநதம்'னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு. அப்புறம் எழுந்து போயிட்டாரு. கிளாஸ எங்க வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல. கீழ வச்சா என்ன கேப்பாங்களோன்னு சாயங்காலம் வரைக்கும் கையிலயே பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். வர்றவங்க போறவங்கல்லாம் பார்த்தாங்க."

அவர் அதை ரிஃப்காவிடம்தான் சொன்னார். ஆனால் பிரகதீஸ்வரி அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டாள். கேலி செய்துகொண்டிருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ரிஃப்கா ஒரு டீ வாங்கி வரச் சொன்னாள். பிரகதீஸ்வரி அதைக் குடித்தாள். குடித்து முடித்து, கிளாஸை நீட்டி, அந்த வார்த்தைகளை அப்படியே சொன்னாள். அவளுக்கு அவ்வளவு மெல்லிய குரல் இருந்தது அவளுக்கே தெரியாது. கேமராவை நிறுத்தியதும் கிளாஸை அவர் கையிலிருந்து பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். டீக்கடைக்காரர் கிளாஸுக்குக் காசு கேட்டு வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

இதற்கு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பாலத்து விவகாரம்.

தியாகேசனின் மாமனாருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாமனாருக்கு முன்னால் தன் செல்வாக்கைக் காட்ட வேண்டும் என்று தியாகேசன் முடிவுகட்டிவிட்டார். கல்யாணத்துக்கு வேண்டிய அவ்வளவும் ஊரிலிருந்து திரண்டது. தேங்காய் மூட்டை வந்தது. இலைக்கட்டு வந்தது. மறுநாள் கறிவிருந்துக்கென்று நாட்டுக்கோழிகள் காலைக் கட்டிய நிலையில் வந்து இறங்கின. பாத்திரக்கடையிலிருந்து ஒரு பெரிய அண்டா வந்தது. எல்லாம் ஸ்டேஷன் கொட்டகையில் அடுக்கிக் கிடந்தன. மிளகாயும் மல்லியும் வழக்கம்போல மில்லுக்குப் போயிருந்தன. பாக்கி இருந்தது வாழைத்தார் ஒன்றுதான்.

அந்த வேலைக்குச் செந்தில்குமார் என்ற கான்ஸ்டபிளை அனுப்பினார்கள். பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து மாற்றலாகி முந்தின நாள்தான் வந்து சேர்ந்தவர். காவிரிப் பாலத்தில் நின்று, வருகிற வண்டியில் நல்ல தாராகப் பார்த்து நாலு இறக்கி வைக்க வேண்டும் என்பது எஸ்.ஐ. உத்தரவு. உத்தரவு போட்டுவிட்டு எஸ்.ஐ. தஞ்சாவூர்க் கோர்ட்டுக்குப் போய்விட்டார். செந்தில்குமாருக்கு இந்த மாதிரி வேலை புதிது. அதோடு, சர்க்கிளுக்குப் புதிதாக ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், ரொம்பக் கண்டிப்பானவர், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார் என்று காலையில் யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். ஊரில் ஏதோ ஷூட்டிங் என்றும் சொல்லியிருந்தார்கள். சினிமா இன்ஸ்பெக்டர் என்றால் சிவப்பாக, ஒல்லியாக, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவாள் என்பது அவர் கணக்கு.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பஞ்சநதம் போன் செய்து, மோட்டார் புகைகிறது, உடனே வா என்றார். பிரகதீஸ்வரி உடுப்பை மாற்றக்கூட நிற்கவில்லை. மேலே ஒரு துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, தன்னுடைய டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பாலத்தில் ஏறியதும் ஆற்றுக்காற்று துப்பட்டாவைத் தூக்கிக்கொண்டு போய் காவிரியில் போட்டது. எதிரே பாலத்தை அடைத்துக்கொண்டு ஒரு சின்ன லாரி. அதில் வாழைத்தார். பக்கத்தில், வாழைக்காய் வியாபாரி சித்தீக் தோள்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மில்லுக்கு வழக்கமாக வருகிறவர்தான். ரோட்டோரம் இறக்கி வைத்த தார்களுக்கு நடுவே ஒரு நிஜப் போலீஸ்காரர்.

பிரகதீஸ்வரி வண்டியை நிறுத்தினாள். காக்கி போட்ட குற்றத்துக்கு இப்போதே பிடித்துப் போடப் போகிறார்கள் என்று நினைத்தாள். எப்படியாவது நல்லபடியாகப் பேசித் தப்பித்துப் போய்விட வேண்டும். அந்த நேரத்தில் நம் ஊரில் யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான் அவள் வாயில் வந்தது.

"என்ன சார், சாப்பிட்டாச்சா?"

பணிவாகத்தான் கேட்டாள். ஆனால் குரல் மில் குரல். பாலத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

செந்தில்குமார் திரும்பினார். தோளில் நட்சத்திரங்கள் தெரிந்தன. சிவந்த கண்கள் தெரிந்தன. ஜீப்பில் வராமல் டி.வி.எஸ். வண்டியில் வந்திருக்கிறார், சொல்லாமல் கொள்ளாமல். ஒரு இன்ஸ்பெக்டர், கான்ஸ்டபிளைப் பார்த்து 'சார்' என்று கூப்பிட்டு, இந்த வாழைத்தாருக்கு நடுவில் நிற்கும்போது 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. பூட்ஸ் கால் தரையில் இடிக்க ஒரு சல்யூட் வைத்தார்.

"நான் சாப்பிடலைங்கம்மா. சத்தியமா எனக்கில்லைங்கம்மா. எஸ்.ஐ. சார்தான் இறக்கச் சொன்னாருங்கம்மா. அவரு மாமனாருக்குத் திருக்கடையூர்ல கல்யாணம். தேங்காய், கோழி, அண்டா எல்லாம் ஸ்டேஷன் கொட்டகையிலதாங்கம்மா இருக்கு."

பின்னால் வந்த டவுன் பஸ் நின்றிருந்தது. ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் இதைக் கேட்டார்கள். சித்தீக் தோள்துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு ஆற்றைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அவர் முதுகு மட்டும் குலுங்கியது.

பிரகதீஸ்வரிக்கு ஒன்றும் ஓடவில்லை. அங்கே மோட்டார் எரிந்துகொண்டிருக்கிறது. அவளுக்கு வேண்டியதெல்லாம் வழிதான்.

"முதல்ல இதையெல்லாம் எடுங்க" என்றாள்.

செந்தில்குமார் எடுத்தார். தாங்கித் தாங்கி ஒவ்வொரு தாராக லாரியில் தானே ஏற்றினார். சித்தீக்கிடம் மன்னிப்பும் கேட்டார். அம்மா கிளம்பிப் போனதும், அந்த டி.வி.எஸ். ஸ்டேஷன் இருக்கிற பக்கமாகத்தான் போகிறது என்று கவனித்தார். மில்லும் அதே பக்கம்தான் என்பது அவருக்குத் தெரியாது. உடனே ஸ்டேஷனுக்குப் போன் போட்டார்.

அடுத்து நடந்ததை அரசங்கரை ஜனங்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். புது இன்ஸ்பெக்டரம்மா ரெய்டுக்கு வருகிறார் என்ற சேதி போனதும் ஸ்டேஷன் கொட்டகை திறந்தது. தேங்காய் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு போலீஸ்காரர் மளிகைக்கடைக்கு ஓடினார். கோழிகளோடு இன்னொருவர் வடக்குத்தெருவுக்கு ஓடினார். எந்தக் கோழி யாருடையது என்று தெரியாமல் வாசலுக்கு ஒன்றாக விட்டுவிட்டுப் போனார். அண்டாவை இரண்டு பேர் உருட்டிக்கொண்டே பாத்திரக்கடைக்குக் கொண்டுபோனார்கள். கடைக்காரர் பயந்துபோய், இது என்னுடையது இல்லை, எனக்கு அண்டா வியாபாரமே கிடையாது என்று சாதித்தார். இலைக்கட்டுக்குச் சொந்தக்காரர் கிடைக்காமல், கோயில் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பிரகதீஸ்வரி அந்த நேரம் மில்லில் பெல்ட்டை மாற்றிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கோர்ட்டிலிருந்து திரும்பிய தியாகேசன் கொட்டகையைத் திறந்து பார்த்தார். ஒரு கோழி இறகு மட்டும் கிடந்தது. பாலத்தில் வந்து நின்ற இன்ஸ்பெக்டர் யார் என்று டீக்கடையில் அவருக்குச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. போலீஸ் உடுப்பில் வந்து அதிகாரம் செய்ததாக வழக்கு, ஜாமீன் கிடைக்காதபடி எஸ்.ஐ. உள்ளே தள்ளப் போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. பிரகதீஸ்வரி இரண்டு மாற்றுப் புடவையைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள். பஞ்சநதம் அந்தப் பையை வாங்கிப் பரணில் போட்டுவிட்டு, "வா, போயிட்டு வருவோம்" என்றார்.

ஸ்டேஷன் வாசலில் ஏற்கெனவே கூட்டம். சித்தீக் இருந்தார். ரிஃப்கா படப்பிடிப்பை நிறுத்திவிட்டு, ஷூட்டிங் அனுமதிக் கடிதத்தோடு வந்திருந்தாள். கோழி திரும்பக் கிடைத்தவர்களும், தன் கோழி அடுத்தவர் வீட்டுக்குப் போய்விட்ட கோபத்தில் இருந்தவர்களும் இருந்தார்கள்.

உள்ளே ரைட்டர் தங்கமணி பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷனில் எழுத்து வேலை முழுக்க அந்தம்மா கையில்தான். ஓய்வுக்குக் கொஞ்ச காலமே பாக்கி. எழுதின எதையும் கோர்ட்டில் போய் நின்று சொல்ல வேண்டியவர் தான்தான் என்பதால், ஒரு கமா வைக்கக்கூட யோசிப்பார். செந்தில்குமாரை எதிரே நிற்க வைத்துப் புகாரைக் கேட்டார்.

"பாலத்துல எதுக்கு நின்னீங்க?"

வாகனச் சோதனை என்றார் செந்தில்குமார். சோதனையில் என்ன கிடைத்தது என்று தங்கமணி கேட்டார். வாழைத்தார் என்றார். வாழைத்தார் ஏற்றிப் போவது எந்தச் சட்டப்படி குற்றம் என்று கேட்டுவிட்டு, தங்கமணி பேனாவோடு காத்திருந்தார். செந்தில்குமார் எஸ்.ஐ.யைப் பார்த்தார்.

"அதை விடும்மா. அந்தப் பொம்பளை என்ன சொல்லி மிரட்டுச்சு, அத எழுது" என்றார் தியாகேசன்.

"என்ன சொன்னாங்க?"

"சாப்பிட்டாச்சான்னு கேட்டாங்க."

தங்கமணி அதை எழுதினார். எழுதினதை ஒருமுறை படித்துப் பார்த்தார். "இதுக்கு நீங்க என்ன செஞ்சீங்க?"

"பயந்துட்டேங்க."

"சாப்பிட்டாச்சான்னு கேட்டதுக்கு எதுக்குப் பயந்தீங்கன்னு வக்கீல் கேப்பாரே. என்னன்னு எழுதட்டும்?"

செந்தில்குமார் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜன்னலுக்கு வெளியே யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். தியாகேசன் மேசையைத் தட்டினார். சுற்றி வளைக்க வேண்டாம், ஸ்டேஷனில் இருந்த பொருளை எல்லாம் அப்புறப்படுத்த வைத்தாள் என்று நேராக எழுதச் சொன்னார்.

தங்கமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எழுதறேன் சார். என்னென்ன பொருள், யாரோடது, எப்படி ஸ்டேஷனுக்கு வந்துச்சு, அதையும் சேர்த்து எழுதணும். நீங்க சொல்லச் சொல்ல எழுதிக்கிறேன்."

 மேலே மின்விசிறி மட்டும் கிறீச் கிறீச் என்றது. தங்கமணி பேனாவைக் காகிதத்தின் மேல் அசையாமல் பிடித்திருந்தார்.

இந்த நேரத்தில்தான் பஞ்சநதம் ஒரு காரியம் செய்தார். சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். துண்டால் தூசி தட்டினார். தட்டிவிட்டு உட்கார்ந்தார். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எழுந்திரு என்று சொல்லவும் அந்த நேரத்தில் யாருக்கும் வாய் வரவில்லை. அதைப் பார்த்ததும் பிரகதீஸ்வரி அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

தியாகேசன் தொண்டையைச் செருமிக்கொண்டார். குரல் கனிந்துவிட்டது. தெரிந்த ஊர், தெரிந்த மனுஷர்கள், ஏதோ புரியாமல் நடந்துவிட்டது, கேஸ் கீஸ் எல்லாம் எதற்கு என்றார். "ஒண்ணும் வேணாம்மா. நீ போய் அந்த மிளகாயை மட்டும் அரைச்சு அனுப்பிடு. நாளன்னைக்குக் கல்யாணம்."

அவள் சரிங்க சார் என்று சொல்வாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அரைச்சு வச்சிருக்கேன் சார். கூலி கொடுத்துட்டு வாங்கிக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

மெதுவாகத்தான் சொன்னதாக அவள் இன்றைக்கும் சாதிக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்கிறது.

கூலி வரவில்லை. மிளகாய்த்தூளும் போகவில்லை. திருக்கடையூரில் பாக்கெட் மிளகாய்த்தூளில் சாம்பார் வைத்தார்கள் என்றும், மாப்பிள்ளைக்கு ஊரில் ஏதோ பெரிய செல்வாக்கு என்றார்களே என்று மாமனார் மாலையும் கழுத்துமாகக் கேட்டார் என்றும் சேதி வந்தது. சித்தீக் மட்டும் ஒரு தார் பூவனைக் கொண்டுவந்து மில் வாசலில் கட்டித் தொங்கவிட்டார். பிரகதீஸ்வரி காசு கொடுத்துவிட்டுத்தான் அவரை நகரவிட்டாள்.

மிச்சப் படத்தை ரிஃப்கா எடுத்து முடித்தாள். பாலத்து விவகாரத்தையும் படத்தில் சேர்த்துக்கொண்டாள். படம் தஞ்சாவூரில் ஒரு வாரம்தான் ஓடியது. ஆனாலும் அரசங்கரையே வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தது. போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, சென்னையில் வேறு யாரோ ஒரு அம்மாவை வைத்துக் குரல் கொடுத்துவிட்டார்கள் என்று. ஒலிப்பதிவில் அவள் குரல் மைக்குக்குள் அடங்காமல் தெறித்துவிட்டதாம். இந்தக் குரலுக்காகத்தானே கூப்பிட்டார்கள் என்று பிரகதீஸ்வரி தியேட்டரிலேயே புருஷனிடம் குறைபட்டுக்கொண்டாள். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீ கிளாஸ் காட்சியில் மட்டும் அவள் சொந்தக் குரலையே வைத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் அது அவள் குரலே இல்லை என்று பந்தயம் கட்டினார்கள். பஞ்சநதம் அந்தக் காட்சி வந்தபோது வெளியே போய் முறுக்கு வாங்கிக்கொண்டு வந்தார்.

தியாகேசன் அதே ஸ்டேஷனில்தான் இருந்தார். மாற்றல் எதுவும் வரவில்லை. ஆனால் வேறு ஒரு கஷ்டம் வந்து சேர்ந்தது. மதிய நேரத்தில் ரோட்டில் எதிர்ப்படுகிறவர்கள் வழக்கம்போல "சாப்பிட்டாச்சா சார்?" என்று கேட்பார்கள். சும்மா மரியாதைக்குக் கேட்கிறார்களா, வேறு எதையாவது கேட்கிறார்களா என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொருத்தர் முகத்தையும் உற்று உற்றுப் பார்ப்பார். அவர்களும் பால் வடிகிற முகத்தோடு நிற்பார்கள். கொஞ்ச நாளில் மதிய வேளையில் அவர் ஜீப்பை விட்டு இறங்குவதையே நிறுத்திக்கொண்டார்.

கொட்டகையைச் சுத்தம் செய்து அதில் செந்தில்குமாரும் மற்றவர்களும் வண்டி நிறுத்துகிறார்கள்.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம், எஸ்.ஐ. வீட்டம்மாவே ஆட்டோவில் மில்லுக்கு வந்து இறங்கினார். அதுவரைக்கும் பிரகதீஸ்வரி அவரைப் பார்த்ததில்லை, ஆட்டோக்காரர் சொல்லித்தான் யாரென்று தெரிந்தது. அவர் வீட்டு மூட்டைகளை மட்டும்தான் தெரியும். பையில் மிளகாயோடு வரிசையில் நின்று, முறை வந்ததும் கூலியை முதலிலேயே எடுத்து நீட்டினார். சாதுவான பெண். பிரகதீஸ்வரியை அடையாளம் கண்டுகொண்டு, படத்தைப் போனில் பார்த்ததாகவும், அந்த மனுஷர் கிளாஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அழுதுவிட்டதாகவும் சொன்னார்.

"ஏங்க, நிஜமாவே இப்படியெல்லாம் செய்யற போலீஸ்காரங்க இருப்பாங்களா?" என்று கேட்டார்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் மாவு படிந்து தராசுப் பக்கம் நின்ற பஞ்சநதம் மனைவியைப் பார்த்தார். பிரகதீஸ்வரி மோட்டாரை நிறுத்தினாள். மிளகாயில் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். உடையாமல் வளைந்தது.

"இருக்காங்கம்மா" என்றாள். "இதுல ஈரம் இருக்கு. ஒரு நாள் வெயில்ல போட்டு எடுத்துக்கிட்டு வாங்க, நல்லா அரைச்சுத் தர்றேன்."

அந்தம்மா தலையாட்டிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டார். வாசல்வரை போனவரைப் பிரகதீஸ்வரி கூப்பிட்டு நிறுத்தி, கொடுத்த கூலியைத் திருப்பிக் கொடுத்தாள். அரைத்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.